இரண்டு கோடுகளுக்கு நடுவில்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் போன் செய்து, "கம்ப்யூட்டர்ல கலர் கலரா என்னமோ வரையிறியாமே, அதைப் பத்திப் பேசுப்பா" என்றார். நான் இங்கே படித்தது வேதியியல். அதிலும் இரண்டாம் ஆண்டில் ஒரு அரியர் வைத்தவன். அந்தப் பாடம் எடுத்த ஐயா முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக் கொண்டிருக்கிறார். ஆகவே கொஞ்சம் பயத்தோடுதான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

எங்கள் ஊர் ஆரணி. வீட்டில் பட்டுத் தறி. நான் தறிக்குழியில் இறங்காமல் 1996-ல் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலைக்குப் போனது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அங்கே கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இவைதான் வேலை. ஒரு நாள் இரவு, கரண்ட் போய் வந்த பிறகு, கோரல்டிராவில் சும்மா மெனுவை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக் கொண்டிருந்தேன். பிளெண்ட் என்று ஒன்று. ஒரு சிவப்புக் கோடு, ஒரு மஞ்சள் கோடு போட்டு, இரண்டையும் சேர்த்துப் பிடித்து அதை அழுத்தினேன். நடுவில் இருபது கோடுகள் தாமாக வந்து நின்றன. வளைவும் படிப்படியாக மாறியது, நிறமும் மாறியது. அன்று கடைசி பஸ்ஸைத் தவற விட்டேன்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. வெக்டர் மென்பொருள், படத்தைப் புள்ளிப் புள்ளியாக வைத்துக் கொள்வதில்லை. ஒரு வளைகோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்தப் பக்கம் இழுபடுகிறது என்ற எண்களை மட்டும் வைத்துக் கொள்கிறது. இந்த வளைகோட்டுக் கணக்கு கார் கம்பெனிகளில் பிறந்தது. பிரான்சில் சித்ரோவன் நிறுவனத்தில் 1959-ல் த காஸ்தல்ஜோ கண்டார். ரெனோ நிறுவனத்தில் இருந்த பியர் பெசியே வெளியுலகுக்குக் கொண்டு வந்ததால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. 1987-ல் அடோபி இல்லஸ்ட்ரேட்டர் வந்தது. அடுத்த ஆண்டே வந்த இல்லஸ்ட்ரேட்டர் 88-ல் பிளெண்ட் கருவி சேர்ந்தது. அது செய்வது வெறும் சராசரிதான். முதல் கோட்டின் எண், கடைசிக் கோட்டின் எண், நடுவில் எத்தனை படி வேண்டுமோ அத்தனையாக வகுத்துக் கொடுக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பையனுக்குத் தெரிந்த கணக்கு.

அந்தக் கணக்கு தெரியாமல் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். 1997-ல் ஒரு கடைக்கு மாதக் காலண்டர். பின்னணிக்கு மேலிருந்து கீழே பன்னிரண்டு அங்குலத்துக்கு இளநீல பிளெண்ட், பத்து சதவீதத்திலிருந்து முப்பது சதவீதம் வரை. திரையில் வானம் மாதிரி இருந்தது. அச்சாகி வந்ததும் பார்த்தால் பட்டை பட்டையாக, ஜமுக்காளம் போல. முதலாளி என்னைத்தான் பிடித்தார். மூவாயிரம் ரூபாய் கட்டு என்றார். என் இரண்டு மாதச் சம்பளம்.

ஏன் அப்படி ஆனது என்று பிறகு தெரிந்து கொண்டேன். ஃபிலிம் எடுக்கும் இயந்திரம் ஒரு நிறத்தில் அதிகபட்சம் 256 சாயல்தான் காட்டும். அதுவும் அங்குலத்துக்கு 2540 புள்ளி, 150 வரி என்று வைத்தால். 1270 புள்ளி என்றால் எழுபது சொச்சம்தான் தேறும். என் பிளெண்டில் மாற்றம் இருபது சதவீதம். 256-ல் இருபது சதவீதம் 51. பன்னிரண்டு அங்குலத்தை 51 பட்டையாக வெட்டினால் ஒவ்வொன்றும் ஆறு மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாமல் என்ன செய்யும்? நான் மென்பொருளில் ஐந்நூறு படி கொடுத்திருந்தேன். ஐந்நூறு கொடுத்தாலும் ஃபிலிமில் வருவது அதே 51தான். 1997-ல் வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் 3-ல் இந்தக் குறைக்கு ஒரு வழி செய்தார்கள். எங்கள் சென்டருக்கு அது வரப் பல வருஷம் ஆயிற்று. இன்றைக்கும் நீண்ட இடத்தில் மெல்லிய மாற்றம் கொடுக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

பணத்தை அப்பாதான் கட்டினார். தறிக் கூலியிலிருந்து. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. வீணாய்ப் போன ஒரு காலண்டர் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "பட்டை தெரிஞ்சா என்னடா? தெரியட்டுமே. நீ அதை ஒளிச்சு வைக்கப் பாத்திருக்க, அதான் அசிங்கமா இருக்கு" என்றார். பிறகு தறியில் இருந்த மயில்கழுத்துச் சேலையைக் காட்டினார். பாவு நீலம், ஊடை பச்சை. மயில்கழுத்து நிறத்தில் ஒரு நூல்கூட அதில் கிடையாது. இரண்டு நூலும் குறுக்கே போகிற இடத்தில், பார்க்கிறவன் கண்ணில்தான் அந்த நிறம் உண்டாகிறது.

அதற்குப் பிறகு நான் வழவழப்பான பிளெண்டை விட்டுவிட்டேன். உள்ளே நிறம் நிரப்பாத வெறும் கோடுகள், படி முப்பதோ நாற்பதோ. இழை தெரிய வேண்டும். முதல் தொகுதியை இடமிருந்து வலமாக ஓட விட்டு, அதன் மேல் வேறு நிறத்தில் இன்னொரு தொகுதியைக் குறுக்கே ஓட விட்டால், நீங்கள் கொடுக்காத மூன்றாவது நிறம் ஒன்று அங்கே மினுங்கும். எங்கள் வீட்டுத் தறியைத்தான் மவுஸால் ஓட்டிக் கொண்டிருக்கிறேன்.

செய்து பார்க்கிறவர்களுக்கு இரண்டு சங்கதி. சிவப்பிலிருந்து நேரே பச்சைக்குப் போகாதீர்கள். சிவப்பு என்றால் மெஜந்தா நூறு, மஞ்சள் நூறு. பச்சை என்றால் சயான் நூறு, மஞ்சள் நூறு. பாதி வழியில் சயான் ஐம்பது, மெஜந்தா ஐம்பது, மஞ்சள் நூறு என்று ஒரு குட்டைத் தண்ணீர் நிறம் வரும். நடுவில் ஒரு மஞ்சள் கோட்டை வைத்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று இரண்டு தாவலாகத் தாவுங்கள். பளிச்சென்று இருக்கும். கோரலில் நிறச் சக்கரத்தைச் சுற்றிப் போகிற வழியும் உண்டு, ஆனால் அது வானவில் முழுவதையும் கொட்டிவிடும், எனக்குப் பிடிப்பதில்லை.

இன்னொன்று, கோட்டின் முனை. ஒரு கோட்டை இடமிருந்து வலமாகவும் அடுத்ததை வலமிருந்து இடமாகவும் வரைந்துவிட்டால், நடுக்கோடுகள் எல்லாம் குறுக்கே ஓடி, இடையில் முறுக்கிக் கொள்ளும். தொடக்கத்தில் இதைத் தப்பு என்று அழித்துக் கொண்டிருந்தேன். இப்போது வேண்டுமென்றே முறுக்குகிறேன். பட்டு நூல் முறுக்கேறினது போல ஒரு இடுப்பு விழும். என் படங்களில் ஆட்கள் நின்று பார்க்கிற இடம் அதுதான்.

போன மாதம் ஒரு மாணவி கேட்டாள்: "சார், நடுவுல இருக்கறதை எல்லாம் மெஷின்தானே போடுது, இப்ப ஏ.ஐ. முழுப் படத்தையுமே போடுது, இதுல உங்க வேலை என்ன?" நியாயமான கேள்வி. அவளுக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்தேன். முதல் கோட்டையும் கடைசிக் கோட்டையும் நான்தான் போடுகிறேன். எத்தனை படி என்பதும் நான்தான். இருபத்தெட்டு போதும், இருபத்தொன்பது வேண்டாம் என்று சில இரவு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். அதை வேலை என்று சொல்லலாமா என்று கேட்டால், சொல்லலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை.

நான் நேரத்தை மீறிவிட்டேன், செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சாப்பாட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் லேபில் இருப்பேன். விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை, இன்க்ஸ்கேப் இலவசம். அதில் எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவுக்குள் இன்டர்போலேட் என்று இருக்கும், அதுவே நம் பிளெண்ட். பத்து இயந்திரத்தில் ஏற்றி வைத்திருக்கிறேன். ஆளுக்கு இரண்டு கோடு போட்டால் போதும். கனிம வேதியியல் ஐயாவும் அவசியம் வர வேண்டும், அவருக்கு ஒரு இயந்திரம் தனியாக ஒதுக்கியிருக்கிறேன்.