குழுக் கடன்: பணம் யாருடையது, வட்டி யாருக்கு?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று கூலியைப் பற்றியோ பஞ்சப்படியைப் பற்றியோ பேச நாங்கள் வரவில்லை. வாரந்தோறும் உங்கள் வாசலில் வந்து நிற்கிறதே ஒரு மோட்டார் சைக்கிள், அதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். ஆண் தோழர்கள் சிலர் சிரிக்கிறீர்கள். அந்த வண்டி வருகிற நேரத்தில் நீங்கள் ஷிப்டில் இருப்பீர்கள், இல்லாவிட்டால் காட்டு வேலையில் இருப்பீர்கள். வாசலில் நின்று பதில் சொல்வது உங்கள் மனைவி, உங்கள் தாய். பெண்கள் பக்கத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு காலனியிலிருந்து ஐந்து சகோதரிகள் எங்கள் ஆபீசுக்கு வந்தார்கள். சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். நால்வர் ஒரு பக்கம், ஒருவர் ஒரு பக்கம். அந்த ஒருவரின் கணவர் நூல் மில்லில் காண்ட்ராக்ட் தொழிலாளி. கறவை மாடு வாங்க ரூ.40,000 குழுக் கடன் எடுத்திருக்கிறார். மாடு வந்தது, பாலும் கறந்தது. ஐந்தாம் மாதம் மடிநோய் கண்டு பால் நின்றது. தவணை நிற்குமா? முதல் கம்பெனிக்குக் கட்ட இரண்டாவது கம்பெனியில் வாங்கினார். இரண்டாவதற்குக் கட்ட மூன்றாவது. பிறகு மூன்றுக்கும் கட்ட முடியவில்லை.

வசூலுக்கு வந்தவர் திட்டவில்லை, அடிக்கவில்லை. "இவங்க பணம் வந்தாத்தான் மத்த நாலு பேரும் எழுந்திரிக்கலாம்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இரவு எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தார். வீட்டில் உலை வைக்காமல் நால்வரும் காத்துக் கிடந்தார்கள். மூன்று வாரம் தங்கள் கூலியிலிருந்து அவருக்காகக் கட்டினார்கள். நாலாவது வாரம் அவர் வீட்டுக்குள் புகுந்து காஸ் சிலிண்டரையும் பித்தளை அண்டாவையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த நால்வரில் ஒருவர் அவருடைய நாத்தனார்.

ஜப்தி செய்வதற்குக் கோர்ட் அமீனா வரவேண்டும் என்பது பழைய காலத்து முறை. இப்போது அமீனா வேலையை நம் பெண்களைக் கொண்டே செய்து முடித்துவிடுகிறார்கள்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது? 1976-ல் வங்காள தேசத்தில், சிட்டகாங் சர்வகலாசாலைக்குப் பக்கத்திலுள்ள ஜோப்ரா என்ற கிராமத்தில் ஆரம்பமாயிற்று. பொருளாதாரப் பேராசிரியர் முகம்மது யூனுஸ் அங்கே மூங்கில் முக்காலி பின்னுகிற பெண்களைக் கண்டார். மூங்கில் வாங்கக் காசில்லாமல் வியாபாரியிடம் கடன் வாங்கி, அவன் சொன்ன விலைக்கே முக்காலியை அவனிடம் போட்டுவிட்டு, நாள் முழுதும் உழைத்தும் சில்லறைக் காசோடு நின்றார்கள். அந்தக் கிராமத்தில் 42 பேருக்குத் தேவைப்பட்ட மொத்தப் பணம் 27 டாலர்தான். அதைத் தம் சட்டைப்பையிலிருந்து கொடுத்தார். 1983-ல் அது கிராமீன் பாங்க் ஆயிற்று. 2006-ல் அவருக்கும் அந்தப் பாங்குக்கும் சேர்த்துச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். அடமானம் இல்லை, ஐந்து பேர் ஒரு குழு, வாரத் தவணை. இன்று உங்கள் வாசலில் நடப்பதெல்லாம் அந்த அச்சில் வார்த்ததுதான். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். கிராமீன் பாங்கின் பங்குகளில் பெரும்பகுதி கடன் வாங்கிய பெண்களுடையது. உங்கள் வாசலுக்கு வருகிற கம்பெனியில் உங்களுக்கு ஒரு பங்கு உண்டா?

கணக்குக்கு வருவோம். கணக்கென்றதும் எழுந்து போகாதீர்கள். கைவிரலில் போடுகிற கணக்குத்தான்.

"வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டுதான் அக்கா" என்று சொல்லி ஒருவர் ரூ.10,000 கொடுக்கிறார். 50 வாரம், வாரம் ரூ.224. மொத்தம் ரூ.11,200. வட்டி ரூ.1,200. சரிதானே என்று தோன்றும். ஆனால் பத்தாயிரமும் வருஷம் முழுவதும் உங்களிடமா இருந்தது? முதல் வாரமே திருப்பிக் கட்ட ஆரம்பித்துவிட்டீர்கள். 25-வது வாரத்தில் பாதி அசல் போய்விட்டது. சராசரியாக உங்கள் கையில் இருந்தது சுமார் ரூ.5,000. ஐயாயிரத்துக்கு ரூ.1,200 வட்டி என்றால் நூற்றுக்கு 24! பன்னிரண்டு என்று வாயால் சொல்வது இருபத்து நாலாக முடிகிறது. இதற்கு மேல் செயலாக்கக் கட்டணம், இன்ஷூரன்ஸ் என்று முதலிலேயே பிடித்துக்கொள்வது வேறு.

நியாயமாகப் பேசவேண்டும். தண்டல்காரனை எடுத்துக்கொள்ளுங்கள். ரூ.10,000 என்று எழுதி ரூ.9,000 கையில் கொடுக்கிறான். தினம் ரூ.100, நூறு நாள். இதே கணக்கைப் போட்டால் வருஷத்துக்கு நூற்றுக்கு 80 ஆகிறது. 2003-ம் வருஷமே தமிழ்நாட்டில் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடை செய்து சட்டம் போட்டாயிற்று. சந்தைக்குப் போய்ப் பாருங்கள், தண்டல் நோட்டு இல்லாத காய்க்கடை எத்தனை இருக்கிறது என்று! ஆகவே நம் பெண்கள் 80-லிருந்து தப்பி 24-க்கு வந்ததைத் தவறென்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. அவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. வேறு கதவு திறக்கவில்லை.

இப்போது முக்கியமான கேள்வி. அந்தக் கம்பெனி கொடுக்கிறதே, அந்தப் பணம் யாருடையது?

சிலர் வெளிநாட்டுத் தர்மப் பணம் என்று நினைக்கிறார்கள். அப்படியும் உண்டு. 2005-ல் அமெரிக்காவில் கிவா என்ற ஸ்தாபனம் தொடங்கியது. அங்குள்ள ஒருவர் 25 டாலர் போட்டு, எங்கோ இருக்கும் ஒரு தையல்காரிக்கோ மளிகைக்கடைக்காரிக்கோ கடன் கொடுக்கலாம். அவர் வட்டி வாங்குவதில்லை. நல்ல மனசு, குறை சொல்ல மாட்டோம். ஆனால் அந்தப் பணத்தை நேரில் கொடுத்து வசூலிக்கும் உள்ளூர் ஸ்தாபனம் பெரும்பாலும் வட்டி வாங்கத்தான் செய்கிறது.

நம் நாட்டில் பெரும்பணம் வருவது பாங்கிலிருந்து. ஒவ்வொரு பாங்கும் தான் கொடுக்கும் கடனில் நூற்றுக்கு 40-ஐ விவசாயம், சிறுதொழில், ஏழை எளியவர் முதலான முன்னுரிமைத் துறைகளுக்குக் கொடுக்கவேண்டும் என்பது ரிசர்வ் பாங்க் விதி. காலனிக்குள் வந்து கொடுக்கப் பல பாங்க் மானேஜர்களுக்கு மனமில்லை. மைக்ரோ பைனான்ஸ் கம்பெனிக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டால், ஏழைக்குக் கொடுத்ததாகவே கணக்கு எழுதிக்கொள்ளலாம். அதற்கும் விதி இடம் கொடுக்கிறது. மில் தொழிலாளியின் சம்பளம் சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. பல பொதுத்துறை பாங்குகளில் அதற்கு 3 சதவிகிதம் கூட வட்டி கிடையாது. அதே பணம் 11, 12 சதவிகிதத்துக்குக் கம்பெனிக்குப் போகிறது. கம்பெனி அதை 24, 25-க்கு அதே தொழிலாளியின் மனைவிக்குக் கொடுக்கிறது. புருஷன் மூன்றுக்குப் போட்டது பெண்டாட்டிக்கு இருபத்து நாலாக வீடு திரும்புகிறது!

சின்னக் கடனை வாரந்தோறும் வசூலிக்கச் செலவு அதிகம் என்கிறார்கள். செலவு உண்டு, பொய்யில்லை. ஆனால் அந்தச் செலவில் பாதி வேலையைக் குழுப் பெண்கள் கூலியில்லாமல் செய்கிறார்கள். ஆளைச் சேர்ப்பது, கூட்டம் கூட்டுவது, ஜாமீன் நிற்பது, பணத்தை எண்ணி வைப்பது எல்லாம் அவர்கள்தான். இதற்குச் சம்பளம் எந்தக் கணக்கில் இருக்கிறது?

இந்தக் கடனால் வறுமை ஒழிந்ததா? ஹைதராபாத்தில் 104 குடிசைப் பகுதிகளில் பானர்ஜி, டுப்லோ முதலிய பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். 2019-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அந்த இருவரும் உண்டு. ஏற்கனவே தொழில் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் முதலீடு கூட்டினார்கள். ஆனால் குடும்பச் செலவு, படிப்பு, சுகாதாரம், பெண்ணின் நிலை எதிலும் சொல்லும்படியான மாறுதல் இல்லை என்று கண்டார்கள். நமக்கு இது ஆச்சரியமில்லை. ஒரே தெருவில் ஒன்பது பேர் இட்லிக்கடை போட்டால் இட்லி வாங்குகிறவன் கூலி உயர்ந்துவிடுமா?

ஆந்திராவில் நடந்ததைக் கேளுங்கள். எஸ்.கே.எஸ். என்ற ஸ்தாபனம் முதலில் சேவைச் சங்கமாக ஆரம்பித்துப் பிறகு கம்பெனியாயிற்று. 2010-ல் பங்கு மார்க்கெட்டில் இறங்கி, ஒரு பங்கு ரூ.985 வரை விலை வைத்து, ரூ.1,600 கோடிக்கு மேல் திரட்டினார்கள். பங்கு வாங்கியவனுக்கு லாபம் காட்ட வேண்டாமா? ஒரே பெண்ணுக்கு நாலு கம்பெனிகள் கடன் திணித்தன. கடன் தொல்லையால் தற்கொலைகள் என்று செய்தி வந்தது. அதே வருஷம் அக்டோபரில் ஆந்திர சர்க்கார் அவசரச் சட்டம் போட்டது: வீட்டு வாசலில் வசூலிக்கக்கூடாது, பஞ்சாயத்து ஆபீஸ் போன்ற பொது இடத்தில்தான் வசூலிக்கவேண்டும், வட்டி அசலைத் தாண்டக்கூடாது. ஜனங்கள் கட்டுவதை நிறுத்தினார்கள். 2012-ல் அந்தப் பங்கின் விலை நூறு ரூபாய்க்கும் கீழே போயிற்று.

இந்த இடத்தில் கைதட்டுகிறீர்கள். நாங்களும் அப்போது தட்டினோம். ஆனால் பிறகு என்ன நடந்தது? கம்பெனிகளுக்குப் பாங்குகள் பணத்தை நிறுத்தின. ஆந்திராவுக்கு வெளியே, அவசரச் சட்டமே இல்லாத ஜில்லாக்களிலும் கடன் சுருங்கியது. எங்கே அதிகமாகச் சுருங்கியதோ அங்கே தினக்கூலியும் இறங்கியது என்று பின்னால் வந்த ஆராய்ச்சி கண்டது. கடனே வாங்காத விவசாயத் தொழிலாளியின் கூலியும் சேர்ந்து இறங்கியது!

எங்கள் பிசகையும் சொல்லிவிடுகிறோம். எட்டு வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் இதே மாதிரித் தகராறு வந்தபோது, "கட்டாதீர்கள், வருகிறவனைப் பார்த்துக்கொள்ளலாம்" என்று கூட்டம் போட்டுப் பேசிவிட்டு வந்தோம். நல்ல கூட்டம். கம்பெனி போய்விட்டது; நாங்களும் அடுத்த ஊருக்குப் போய்விட்டோம். அந்தப் பெண்களின் பெயர் கிரெடிட் பீரோ பதிவில் ஏறியது. எந்தக் கதவும் திறக்கவில்லை. மறு வருஷம் ஒருவர் பிரசவச் செலவுக்குத் தண்டல்காரனிடமே போய் நின்றார். "தோழர், நீங்க சொன்னதைக் கேட்டோம், இப்ப என்ன சொல்றீங்க?" என்று அவர் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

பதில் எங்கோ இருக்கவேண்டியதில்லை. 1904-ல் திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் ஆரம்பமாயிற்று. ஆனால் 1951-52-ல் ரிசர்வ் பாங்க் அகில இந்தியக் கிராமக் கடன் விசாரணை நடத்தியபோது, கிராமக் கடனில் கூட்டுறவு கொடுத்தது நூற்றுக்கு மூன்று. லேவாதேவிக்காரர் கொடுத்தது ஏறக்குறைய எழுபது. 1969-ல் பதினாலு பாங்குகள் தேசிய உடைமையாயின. 1989-ல் தர்மபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பித்தன. 1992-ல் நபார்டு, 500 குழுக்களை நேரே பாங்கோடு இணைக்கும் திட்டம் கொண்டுவந்தது. இந்த வழியில் இடையில் கம்பெனி இல்லை. இன்று பாங்க் மூலம் சுய உதவிக் குழுவுக்கு ரூ.3 லட்சம் வரை 7 சதவிகிதத்துக்குக் கடன் கிடைக்க விதி இருக்கிறது. ரூ.10 லட்சம் வரை அடமானம் கேட்கக்கூடாது. ஏழுக்கும் இருபத்து நாலுக்கும் வித்தியாசம் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கதவு தானாகத் திறக்காது. ஆறு மாதம் சேமிப்பு, ஒழுங்கான கூட்டம், தீர்மான நோட்டு, கணக்கு நோட்டு எல்லாம் இருக்கவேண்டும். இருந்தாலும் "அடுத்த வாரம் வாம்மா" என்பார்கள். கம்பெனிக்காரர் மூன்றே நாளில் பணம் கொண்டுவருகிறார். பாங்கு ஆறு மாதம் அலைய விடுகிறது. 24 சதவிகிதம் பிழைப்பது இந்த இடைவெளியில்தான்.

இப்போதிருக்கும் விதிகளையும் கையில் வையுங்கள். 2022-ல் ரிசர்வ் பாங்க் வட்டி உச்சவரம்பை எடுத்துவிட்டது. இது கம்பெனிகளுக்குச் செய்த உபகாரம். 2024 அக்டோபரில் அதே ரிசர்வ் பாங்கே, அளவுக்கு மீறி வட்டி வாங்குவதாக நாலு கம்பெனிகளுக்குப் புதுக்கடன் கொடுக்கத் தடை போடவேண்டி வந்தது. ஆயினும் 2022 விதியில் நமக்கு உதவுபவையும் உண்டு. மாதத் தவணை எல்லாம் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. எல்லாக் கட்டணமும் சேர்த்து வருஷ வட்டி எவ்வளவு என்று நமக்குப் புரியும் பாஷையில் எழுதித் தரவேண்டும். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொல்லை கொடுக்கக்கூடாது. 2025-ல் தமிழ்நாடு சட்டமன்றமும் கட்டாய வசூலுக்கு மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனை என்று சட்டம் நிறைவேற்றியது.

வசூலுக்கு வருகிற பையனை மட்டும் அடிக்கக் கிளம்பாதீர்கள். அவனும் ஏதோ ஒரு கூலிக்காரர் வீட்டுப் பட்டதாரிப் பிள்ளைதான். வசூல் குறைந்தால் அவனுக்கு வேலை போகும்.

அந்த ஐந்து பேர் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். மூன்று கம்பெனி அட்டைகளையும் ஒரு ராத்திரி முழுவதும் கூட்டிப் பார்த்தோம். தவணை, குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டியிருந்தது. அதை எழுதி மூன்று கம்பெனிகளுக்கும் அனுப்பினோம். இரண்டு கம்பெனிகள் தவணையை நீட்டிக்கொடுத்தன. மூன்றாவது இன்னும் பதில் போடவில்லை. ஆறு மணிக்கு மேல் வண்டி வருவது நின்றிருக்கிறது. காஸ் சிலிண்டர் வீடு திரும்பியது. பித்தளை அண்டாவை ஏற்கனவே விற்றுவிட்டார்கள். நாத்தனார் இன்னும் பேசவில்லை. ஆனால் அந்தத் தெருவில் பன்னிரண்டு பேர் புதிதாகச் சேர்ந்த குழுவில் இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் குழுவுக்குச் சேமிப்புக் கணக்கு திறக்க மூன்று தரம் போய்த் திரும்பிவிட்டோம். வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நாலாவது தரம் போகிறோம். இந்தக் கூட்டத்திலுள்ள மற்ற குழுக்காரர்களும் தீர்மான நோட்டை எடுத்துக்கொண்டு பாங்க் வாசலுக்கு வந்துவிடுங்கள். இரவு ஷிப்டு முடிந்த ஆண் தோழர்கள் அன்றைக்கு வீட்டில் இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.