மேடைக்கு ஏற்ற பேஸ் பெட்டி எது?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரி இசைக்குழுவின் பேஸ் கிட்டாருக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி வாங்கித் தருவதென்று நம் சங்கம் முடிவு செய்திருக்கிறது. எந்தப் பெட்டி என்பதில்தான் பிள்ளைகளுக்குள் இரண்டு கட்சி. "மாத்தூர்ல இருந்துகிட்டு இத்தனை வருஷமா மெல்லிசைக் குழுவுல பேஸ் வாசிக்கிறீங்களே, வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் செயலாளர். ஒரு வார்த்தையில் முடியாதுங்க. ஆனால் பிரியாணி வாசனை வர ஆரம்பித்துவிட்டது, சுருக்கமாகவே சொல்கிறேன்.

பேஸ் கிட்டார் நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்லை. லியோ ஃபெண்டர் என்ற அமெரிக்கர் 1951-ல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் ஆளுயர டபுள் பேஸ்தான். ராயபுரம், பெரம்பூர் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் நடன விருந்துகள், எழுபது எண்பதுகளில் தெருவுக்குத் தெரு நடந்த மெல்லிசைக் கச்சேரிகள் என்று இந்த வாத்தியம் நம்மோடு வளர்ந்தது. இளையராஜா பாட்டை மேடையில் வாசிக்க வேண்டுமென்றால் பேஸ் இல்லாமல் நடக்குமா? கானாவையும் ராக்கையும் சேர்த்து 2018-ல் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவரைக்கும் அந்தக் கதை நீள்கிறது.

சரி, பெட்டிக்கு வருவோம். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. ஐந்து கம்பி கிட்டாரென்றால் 31. இவ்வளவு தாழ்ந்த சுரத்தைச் சத்தமாகக் கொடுக்க ஸ்பீக்கர் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். சாதாரண கிட்டார் பெட்டியில் பேஸைச் சொருகி வேகமாக வாசித்தால் கோன் கிழிந்துவிடும். அதனால்தான் தனிப் பெட்டி.

முதல் கட்சி கேட்பது எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் வைத்த கோபுரப் பெட்டி. ஆம்பெக் கம்பெனி 1969-ல் 300 வாட் ஆம்ப்போடு இந்த வகையைக் கொண்டுவந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அதே ஆண்டு அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு எடுத்துக்கொண்டு போனது. பார்க்கவே கம்பீரமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் எடை 60 கிலோவுக்கு மேல். நம்ம கலையரங்க மாடிப்படியில் அதை ஏற்ற நாலு பேர் வேண்டும். வெளிக் கல்லூரிப் போட்டிக்குப் போனால் குட்டி யானை வண்டி பிடிக்க வேண்டும்.

இரண்டாவது கட்சி, "15 அங்குல ஸ்பீக்கர் ஒண்ணு போதும், பெரிய ஸ்பீக்கர்னா பேஸ் ஆழமா வரும்" என்கிறது. இது பாதி உண்மை. ஆழம் ஸ்பீக்கரின் அகலத்தால் மட்டும் வருவதில்லை. பெட்டிக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது, பெட்டி மூடியதா, துளை வைத்ததா, கோன் எவ்வளவு விறைப்பு, காந்தம் எவ்வளவு பலம் என்று எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-லும், அவருக்குப் பின் ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளிலும் இதைக் கணக்காகவே எழுதிவைத்துவிட்டார்கள். காற்றைத் தள்ளும் பரப்பைப் பார்த்தாலும், வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 15-ஐ 15-ஆல் பெருக்கினால் 225. 12-ஐ 12-ஆல் பெருக்கி இரண்டு ஸ்பீக்கருக்குக் கணக்குப் போட்டால் 288. இரண்டு 12 அங்குலம் ஒரு 15-ஐ மிஞ்சிவிடுகிறது பாருங்கள்.

இயற்பியல் படித்தவர்களுக்கு இன்னொன்று. ஹாஃப்மன் விதி என்று ஒன்று உண்டு. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் அதிகச் சத்தம் – இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். மூன்றும் தருகிறேன் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கடையில் "எத்தனை வாட்?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். 'சென்சிட்டிவிட்டி எவ்வளவு' என்று கேளுங்கள். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பதே அது. 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட் இரண்டு மடங்காக வேண்டும். 100 டெசிபல் பெட்டி 100 வாட்டில் செய்கிற வேலைக்கு 94 டெசிபல் பெட்டி 400 வாட் கேட்கும். காசு எங்கே போகிறது என்று இப்போது புரியும்.

அடுத்தது ஓம் கணக்கு. 8 ஓம் பெட்டி இரண்டை ஆம்ப்பில் இணையாகப் போட்டால் 4 ஓம். 4 ஓம் பெட்டி இரண்டைப் போட்டால் 2 ஓம். பெரும்பாலான ஆம்ப்பின் பின்பக்கம் குறைந்தது 4 ஓம் என்று எழுதியிருப்பார்கள். அதற்குக் கீழே போனால் ஆம்ப் சூடேறி நின்றுவிடும், இல்லையென்றால் புகைந்துவிடும். ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழா ஒன்றில் மூன்றாவது பாட்டிலேயே ஒரு குழுவின் ஆம்ப் புகைந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். மீதிக் கச்சேரி பேஸ் இல்லாமலேயே நடந்தது. அதனால் வாங்குவது 8 ஓமாக இருக்கட்டும். ஸ்பீக்கருக்குப் போகிற வயர் தனி; கிட்டாரில் சொருகும் வயரை அங்கே போடவே கூடாது.

நம்ம ஊருக்கென்று ஒரு விஷயம். எண்ணூர், திருவொற்றியூர் கடல்காற்று என்ன செய்யும் என்று வீட்டு ஜன்னல் கம்பியைக் கேட்டால் சொல்லும். மரத்தூள் பலகையில் செய்த பெட்டி ஈரத்தில் ஊதி உதிரும். பிளைவுட்தான் சரி. திருகு, முன் வலை எல்லாவற்றையும் துரு பிடிக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள். நியோடிமியம் காந்தம் வைத்த ஸ்பீக்கராக இருந்தால் எடை நன்றாகக் குறையும்.

மேடை விஷயத்துக்கு வருகிறேன். 41 முறை அதிரும் சுரத்தின் அலை நீளம் எட்டரை மீட்டர் இருக்கும். திறந்த பந்தலில் அது திரும்பி வர சுவர் கிடையாது, ஓடியே போய்விடும். கல்யாண மண்டபத்தில் சுவரிலும் மூலையிலும் மோதி 'கும்'மென்று குழம்பும். அதனால் மண்டபத்தில் பெட்டியை மூலையை விட்டுத் தள்ளி வையுங்கள், பேஸ் குமிழைக் குறையுங்கள். பலகை மேடையில் தரையோடு வைத்தால் மேடையும் சேர்ந்து அதிரும். கனமான ரப்பர் பாய் போடுங்கள். பெட்டி கணுக்காலுக்குப் பக்கத்தில் இருந்தால் வாசிப்பவருக்குத் தெளிவாகக் கேட்காது, சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல் ஸ்பீக்கரை மார்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஜனங்களுக்குக் கேட்க வைப்பது மைக் செட்காரர் வேலை. ஆம்ப்பிலிருந்து ஒரு லைன் அவர் மிக்ஸருக்குப் போனால் போதும். நம் பெட்டி மேடையில் உள்ளவர்களுக்குத்தான்.

ஜெனரேட்டர் கச்சேரி என்றால் முதலில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கம்பியைத் தொட வேண்டும். இரைச்சல் வருகிறதென்று பிளக்கின் எர்த் பின்னை ஒருநாளும் உடைக்காதீர்கள். ஒரு கையில் கிட்டார் கம்பி, உதட்டில் மைக் – உயிர் போகிற இடம் அது.

மணலி, எண்ணூர் ஆலைகளில் வேலை செய்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்ற கணக்கு உங்களுக்குத் தெரியும். 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதி. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். கச்சேரி மூன்று மணி நேரம்! காதில் பஞ்சு போதாது, முறையான காதடைப்பான் வாங்குங்கள். இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. சில விழா நாட்களுக்கு மட்டும் அரசு நள்ளிரவுவரை விலக்கு தரலாம். பக்கத்துத் தெருவில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும், மறந்துவிடக் கூடாது.

இப்போது என் சிபாரிசு. கோபுரமும் வேண்டாம், ஒற்றைப் 15-ம் வேண்டாம். பிளைவுட்டில் செய்த, எடை குறைந்த, ஒரே மாதிரியான 12 அங்குலப் பெட்டி இரண்டு. ஒவ்வொன்றும் 8 ஓம். வகுப்பறைப் பயிற்சிக்கு ஒன்று போதும், ஆண்டு விழாவுக்கு இரண்டும். ஒன்று பழுதானால் இன்னொன்று கச்சேரியைக் காப்பாற்றும்.

ஏன் எடையைப் பற்றியே இவ்வளவு பேசுகிறேன் என்றால், இந்த வருஷம் பேஸ் வாசிப்பது ஒரு தங்கை. எண்ணூரிலிருந்து வருகிறாள். பெட்டியைத் தூக்க ஆள் கிடைத்தால்தான் அவள் பயிற்சி செய்ய முடியும் என்ற நிலை வரக்கூடாது. 60 கிலோ பெட்டியென்றால் என்ன ஆகும்? இரண்டாம் மாதமே அது மேடை மூலையில் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். நாம் கொடுத்த பணமும் அதோடு உட்கார்ந்துவிடும். அவளே ஒரு கையில் தூக்கிக்கொண்டு நடக்கிற பெட்டியாக இருக்க வேண்டும். அடுத்து வருகிற பிள்ளைகளுக்கும் அதுவே நல்லது.

ஒரே ஒரு வேண்டுகோள். பணம் கட்டுவதற்கு முன் கடைக்காரரிடம் பேசி, பெட்டியை இந்தக் கலையரங்கத்துக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். டிரம்ஸ், கீபோர்டு எல்லாவற்றோடும் சேர்த்து அந்தத் தங்கை வாசித்துப் பார்க்கட்டும். கடையில் தனியாக இனிக்கிற பெட்டி டிரம்ஸ் பக்கத்தில் காணாமல் போவதுண்டு. அவள் "சரி" என்று சொன்ன பிறகு பொருளாளர் காசோலையில் கையெழுத்துப் போடட்டும்.