உள்ளே ஒரு பிடிமானம்

 

பணிக்காலம் முழுவதும் வங்கியில் இருந்தவன் நான். பணத்தை இழித்துப் பேச மாட்டேன். வறுமை மேன்மையானது என்று பசித்தவனிடம் சொல்வது பாவம். நன்றாகச் சம்பாதியுங்கள். ஆனால் பணத்தால் ஆகாததை அதனிடம் கேட்காதீர்கள். வங்கி மூழ்கினால் நம் வைப்புத்தொகைக்குக் காப்பீடு 5 லட்சம் ரூபாய் வரைதான். 2020-க்கு முன் அது 1 லட்சம். பணத்துக்கே இவ்வளவுதான் காப்பு என்றால், அது நமக்கு எப்படிக் காப்பாகும்? கோடிக்கணக்கில் வைப்பு வைத்திருந்த பெரியவர் ஒருவர் அடிக்கடி என் அறைக்கு வந்து, "கடைசிவரை இது தாங்குமா சார்?" என்று கேட்பார். கணக்குப் போட்டுக் காட்டுவேன். மறுமாதமும் அதே கேள்வியோடு வருவார்.

அந்தக் கேள்விக்கான விடை, இளமையில் நான் சாப்பிட்ட ஒரு பந்தியில் இருந்தது. நான் சிதம்பரத்தில் படித்தவன். விடுதிச் சாப்பாடு அலுத்துப்போனால் நண்பர்களோடு பஸ் ஏறி வடலூர் போய்விடுவேன். சத்திய தருமச்சாலைப் பந்தியில் எந்த ஊர், என்ன சாதி என்று யாரும் கேட்க மாட்டார்கள். உட்கார்ந்தால் சோறு. அன்று பசி தீர்ந்தது, அவ்வளவுதான். ஐந்தொகை படிக்கக் கற்ற பிறகுதான் அந்தச் சாலை என்னை மலைக்க வைத்தது.

1867 மே 23 அன்று, பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில், வள்ளலார் அங்கே அடுப்பு மூட்டினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளைப் பஞ்சம் வாட்டியிருந்தது. அவரிடம் சேமிப்பு கிடையாது. திட்ட அறிக்கையோடு வந்திருந்தால் எந்த வங்கியும் கடன் கொடுத்திருக்காது. அருட்பெருஞ்ஜோதி என்று தாம் வணங்கிய இறைவன் கைவிடமாட்டான் என்று நம்பினார். நம்பியதோடு நிற்காமல் உலை வைத்தார். இதைத்தான் உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கைகட்டி உட்கார்ந்துகொண்டு கடவுள் தருவார் என்பவரிடம் எனக்கு மதிப்பில்லை. நாளைய அரிசி கையில் இல்லாதபோதும் இன்றைய அரிசியைப் பயமின்றிப் பிறருக்கு வடித்துப் போட முடிகிறதே, அந்தத் துணிவே ஆன்மிகம்.

1874-இல் அவர் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொண்டார். இரண்டே ஆண்டில் தாது வருடப் பஞ்சம் வந்தது. பிறகு எத்தனையோ அரசுகள் மாறின, நாணயங்கள் மாறின. அவர் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. முகம் தெரியாதவர்கள் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து இறக்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

பட்டம் பெறும் பிள்ளைகளே, வேலை பறிபோன அன்றைக்கு இந்த நம்பிக்கையைத் தேடினால் கிடைக்காது. இப்போதே பழகுங்கள். தினமும் சற்று நேரம் போனை அணைத்துவிட்டு, உங்கள் தெய்வத்தின் முன்போ வெறும் மௌனத்திலோ உட்காருங்கள். முதல் சம்பளம் வந்ததும் ஒரு மூட்டை அரிசியோடு வடலூர் போங்கள். இறக்கி வைத்துவிட்டு, பந்தியில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டு வாருங்கள்.