குடும்பத்துக்கும் நாள் குறியுங்கள்

(தாடிக்கொம்பு குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)



இன்றைக்கு முக்கியமாகத் தகப்பன்மார்களிடம்தான் நாலு வார்த்தை பேச வந்திருக்கிறேன்.

நம்ம சௌந்தரராஜப் பெருமாள் கோயில் ஆடித் திருவிழா என்றைக்கு என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள். மொய் செய்ய வேண்டிய காதுகுத்து, சீட்டுப் பணம் கட்டும் தேதி, மில்லில் எந்த வாரம் நைட் ஷிப்ட், எதுவும் மறப்பதில்லை. ஆனால், "உங்க பிள்ளைக்கு அடுத்த தடுப்பூசி எப்போ?" என்று கேட்டால், "அதெல்லாம் அவளுக்குத்தாங்க தெரியும்" என்கிறீர்கள்.

வேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பஞ்சு மில்லும், தோல் ஷாப்பும், பூ மார்க்கெட்டும்தான் இந்தப் பக்கத்தில் பலருக்குச் சோறு போடுகின்றன. ஊர் உறவும் வேண்டியதுதான். ஆனால் இவ்வளவு பாடும் யாருக்காக?

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மனைவிக்கு எட்டாம் மாதம். முகமும் கையும் வீங்கியிருக்கிறது. தலைவலி தாங்கவில்லை, கண் மங்குகிறது. "இன்னைக்கு ஓவர் டைம், நாளைக்குப் பார்ப்போம்" என்கிறார் கணவர். நாளைக்கோ சிநேகிதர் வீட்டுக் கல்யாணம். தாய்மார்களே, இது வெறும் அசதி அல்ல, இரத்தக் கொதிப்பாக இருக்கலாம். வலிப்பு வந்துவிட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். போன கூலியை அடுத்த வாரம் சம்பாதிக்கலாம். போன உயிரை எந்த ஷிப்டில் சம்பாதிப்பது?

சட்டம்கூட இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. வேலைக்குப் போகும் பெண்களுக்கான மகப்பேறு விடுப்பை, முதல் இரண்டு குழந்தைகளுக்கு, 12 வாரத்திலிருந்து 26 வாரமாக 2017-இல் உயர்த்தினார்கள். அந்தச் சட்டத்தில் தகப்பனுக்கு விடுப்பு இல்லை. இல்லாவிட்டால் என்ன? ஒரு காலைப் பொழுதை நாமே ஒதுக்க முடியாதா?

நீங்கள் செய்ய வேண்டியது மூன்றே காரியம்.

ஒன்று, தடுப்பூசி. பிறந்தவுடன் போடுவது போக, 6, 10, 14-ஆவது வாரங்களில் ஊசி உண்டு. 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை ஊசி. நம்ம மாநிலத்தில் வழக்கமாகப் புதன்கிழமை போடுகிறார்கள். பிள்ளையை நீங்களும் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

இரண்டு, பரிசோதனை. கர்ப்பிணியுடன் கூடவே போங்கள். இரத்த அளவு 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை. நர்ஸம்மா தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறாரா என்று நீங்கள் கேட்டால், அந்த மாத்திரை பரணில் கிடக்காது.

மூன்று, இராச் சாப்பாடு. எல்லோரும் தின்று மிஞ்சியதைத் தாய் தின்னும் பழக்கம் போக வேண்டும். டீக்கடைப் பேச்சை அரை மணி குறைத்து, வீட்டில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் காலண்டரை எடுங்கள். முதலில் பிள்ளையின் ஊசி நாளையும், மனைவியின் பரிசோதனை நாளையும் வட்டம் போடுங்கள். மற்ற விசேஷங்களை அப்புறம் எழுதுங்கள்.