பின்கட்டு உத்தியோகம்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



சில நாட்களுக்கு முன் ஓர் உழவர் நம்மிடம் வந்து, "ஐயா, பி.காம். படித்த மகனுக்குச் சென்னையில் ஒரு முதலீட்டு வங்கியில் வேலை வந்திருக்கிறது. ஆனால் பேக் ஆபீஸ் என்கிறான். பின்கட்டு வேலைக்கா இவ்வளவு செலவிட்டுப் படிக்கவைத்தேன்?" என்று மனம் வருந்திக் கேட்டார். அவருக்குக் கூறியதையே சற்று விரித்து உங்கள் முன் கூற விரும்புகிறோம்.

முதலீட்டு வங்கி, நாம் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் வங்கியைப் போன்றதன்று. பெரிய கம்பெனிகளுக்குப் பங்கும் கடன் பத்திரமும் வெளியிட்டு மூலதனம் திரட்டித் தருவதும், அவற்றை வாங்கி விற்பதும் அதன் தொழில். விலை பேசுவோர் முன்னே இருக்கின்றனர். பேசியதை எதிர்த்தரப்புடன் ஒப்பிட்டு உறுதி செய்து, பத்திரத்தை ஒப்படைத்து, பணம் வந்து சேர்ந்ததா என்று நாள்தோறும் கணக்கை ஒத்துப் பார்ப்போர் பின்னே இருக்கின்றனர். நெல்லுக்கு விலை பேசியவுடன் வியாபாரம் முடிந்துவிடுகிறதா? எடை போட்டு, மூட்டை எண்ணி, பணம் கைக்கு வந்த பின்னரன்றோ முடிகிறது! நம் நாட்டுப் பங்குச் சந்தையில் 2023 ஜனவரி முதல், எல்லாப் பங்குகளுக்கும் மறு வேலைநாளிலேயே பணமும் பங்கும் கைமாறியாக வேண்டும். 2024 மே மாதம் அமெரிக்காவும் இம்முறைக்கு மாறியது. பிழை நேர்ந்தால் திருத்துவதற்கு அவகாசம் அவ்வளவே.

இவ்வேலையின் அருமையை அறிய லண்டன் பேரிங்ஸ் வங்கியின் கதை போதும். 1762இல் தோன்றிய வங்கி அது. சிங்கப்பூரில் நிக் லீசன் என்பவரிடமே வாங்கி விற்கும் பொறுப்பையும், அதைச் சரிபார்க்கும் கணக்கறைப் பொறுப்பையும் விட்டுவைத்தனர். அவர் நட்டங்களை 88888 என்னும் எண்ணுள்ள கணக்கில் மறைத்து வந்தார். 1995 பிப்ரவரியில் உண்மை வெளிப்பட்டது. நட்டம் 82 கோடியே 70 லட்சம் பவுன். வீழ்ந்த வங்கியை டச்சு நிறுவனமாகிய ஐ.என்.ஜி. ஒரு பவுனுக்கு வாங்கிற்று. ஒப்பந்தக்காரரே அளவுப் புத்தகமும் எழுதிப் பட்டியலையும் பாஸ் செய்தால் என்ன ஆகும் என்பதை ஊராட்சி உறுப்பினர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

குறைகளையும் மறைக்கலாகாது. நியூயார்க் சந்தை திறக்கும்போது நமக்கு மாலைப்பொழுது. ஆகையால் இரவில் கண்விழிக்க நேரிடும். விலை பேசுவோர் பெறும் ஊதியம் இங்கே கிடையாது. வெறுமனே எண்களை ஒத்துப் பார்க்கும் பணியைப் பெரும்பாலும் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது; ஒத்துவராத கணக்கில் பிழையைத் துருவிக் காண்பவருக்கே மதிப்பு.

விருப்பமுள்ள பிள்ளைகள், செபி நிறுவிய என்.ஐ.எஸ்.எம். நடத்தும் ஏழாம் வரிசைத் தேர்வை எழுதலாம்; இத்தொழிலைப் பற்றியதே அது. எக்ஸெல் பழக்கமும், பிழையின்றி ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் பயிற்சியும் அவசியம். வேலைக்கு முன்பணம் கேட்கும் தரகருக்காக நிலத்தை அடகு வைத்துவிடாதீர்கள்.

அந்த உழவரின் மகனுக்கு வந்த கடிதத்தில் அப்படி ஏதும் இல்லை, படித்துப் பார்த்தோம். இரவு வேலை முடிந்து திரும்ப வண்டி உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பினோம்.