கறிக்கடையில் கண் திறப்போம்



சம்பள நாளன்று நாம் தவறாமல் போகுமிடம் கறிக்கடை. கொண்டு போவது இருட்டில் எழுந்து பால் வெட்டிய காசு. கிராணி வேலையில் கணக்கெழுதிய காசு. அந்தக் காசுக்கு வயிற்றுப்போக்கை வாங்கி வரலாமா? நாம் படுத்தால் கூலி போகிறது; குழந்தை படுத்தால் குடும்பமே கலங்குகிறது.

நல்ல கறியை விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மேலெழும். பிசுபிசுப்பும் புளித்த வாடையும் கெட்ட கறியின் அடையாளம். பொட்டலத்துக்குள் சிவந்த ஐஸ் கட்டியிருந்தால், கறி ஒருமுறை இளகி மறுபடி உறைந்திருக்கலாம்.

ஆனால் மூக்கை மட்டும் நம்பக்கூடாது. வாடை அழுகலைக் காட்டும். சால்மொனெல்லா போன்ற நோய்க்கிருமியைக் காட்டாது. ஆகவே கறிக்கு முன் கடையைப் பார்ப்போம். குளிர்ப்பெட்டி 4 டிகிரிக்குள் இருக்கிறதா? வெட்டுப்பலகை சுத்தமா? காசு வாங்கிய கையே கறியைத் தொடுகிறதா?

மற்றச் சாமான்களை முடித்துவிட்டு, கறியைக் கடைசியாக வாங்கி நேரே வீடு திரும்புவோம். 5 முதல் 60 டிகிரி வரையுள்ள சூட்டில் கிருமி வேகமாகப் பெருகும். நடுப்பகுதி 75 டிகிரி எட்டும்படி நன்றாக வேகவைப்போம். கெட்ட கறியை மசாலா காப்பாற்றாது. சில கிருமிகள் விட்ட நஞ்சு கொதித்தாலும் போகாது.

மலேசியாவின் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டப்படி, உண்ணத் தகாத உணவை விற்பது குற்றம். ரசீதைப் பத்திரப்படுத்துவோம், மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் செய்வோம். தனியாளாகக் கேட்டால் கடைக்காரர் சிரிக்கக்கூடும்; பத்துப் பேராகக் கேட்டால் பதில் சொல்லியே தீரவேண்டும். சம்பளத்துக்கு ஒன்றுகூடிய நாம் சாப்பாட்டுக்கும் ஒன்றுகூடுவோம்!