வீரர் என்ற ஒரு சொல்

 

இன்று ஒரே ஒரு சொல். வீரர்.

மலாய்க்காரர்களுக்கு அஸ்கார் வேறு, பஹ்லவான் வேறு. அஸ்கார் சிப்பாய். பஹ்லவான் மாவீரன். நமக்கோ ராணுவத்தில் சேர்ந்தாலே வீரர். காற்பந்து ஆடினாலும் வீரர். சட்டை மாட்டிய முதல் நாளே பட்டம் கொடுத்துவிடுகிறோம்!

இங்கே சிரம்பான் லோபாக்கில் ஒரு பெரியவர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தே தாரிக் கடையில், "வாங்க, வீரரே" என்றேன். கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் லாரி ஓட்டினேன், தம்பி. அரிசி மூட்டை ஏத்திட்டுப் போனேன். வீரன்னு சொல்லாதீங்க."

எனக்குச் சுருக்கென்றது.

இன்னொரு பக்கமும் பாருங்கள். 1943-இல் நேதாஜி மலாயாவுக்கு வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய நம் பிள்ளைகள் அவருடைய இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சிரம்பானிலும் பயிற்சி முகாம் இருந்தது. ஜான்சி ராணி படையில் பெண்களும் சேர்ந்தார்கள். பலர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

1945-இல் போர் முடிந்தது. திரும்பி வந்தவர்கள் பலர் மறுபடி உளியை எடுத்தார்கள், பால் வாளியைத் தூக்கினார்கள். தோட்டத்துக் கணக்கில் அவர்கள் பெயருக்கு எதிரே 'வீரர்' என்று யார் எழுதினார்கள்? அங்கே பால் எடைதான் எழுதினார்கள்.

ஜூலை 31 நம் மலேசியாவில் ஹாரி பஹ்லவான், அதாவது மாவீரர் நாள். 1960-இல் அன்றுதான் மலாயாவின் அவசரகாலம் முடிந்தது. அந்த நாள் வந்தபோது லோபாக் பெரியவரை மறுபடி கடையில் பார்த்தேன். இந்தத் தடவை "வாங்க, ஐயா" என்றேன். அந்த லாரிக் கதையைக் கேட்டேன்.

தே ஆறிப்போச்சு. அவர் பேசி முடிக்கவில்லை.